போனும் தொலைபேசியும்

சமீபத்தில் படித்த சில கவிதைகளில் அலைபேசி அழைக்கிறது, தொலைபேசி மௌனம் காக்கிறது. எந்த வீட்டிலும் இவை நடப்பதில்லை. பொன்னமராவதி கடைவீதியில் போன் வருகிறது, போன் போடுகிறார்கள், எடுக்காவிட்டால் திட்டுகிறார்கள். கவிஞன் இந்தச் சொல்லுக்கு ஏன் கூச வேண்டும்? அது ஆங்கிலம் என்பதைவிட, முழுமையற்ற சொல் என்பதுதான் அவனை உறுத்துகிறது என்று சந்தேகிக்கிறேன்.

ஆங்கிலத்திலும் இந்தக் கூச்சம் இருந்தது. நீளமான சொற்களின் தலையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடும் வழக்கத்தை 1710இல் ஜோனதன் ஸ்விஃப்ட் 'டாட்லர்' பத்திரிகையில் சாடினார். அவர் வெறுத்தவற்றுள் ஒன்று 'மாப்'. 'மொபிலே வுல்குஸ்' என்ற லத்தீன் தொடரின் துண்டு அது. ஸ்விஃப்ட் தோற்றார். அதே வேர்தான் இன்று 'மொபைல்' என்று நம் சட்டைப்பைக்குள் கிடக்கிறது, அதுவும் பாதிச் சொல்லாக.

நமக்கு அந்தச் சண்டையே தேவையில்லை. பவணந்தி நன்னூலில் மரூஉவை இயல்பு வழக்கில், இலக்கணமுடையதன் பக்கத்திலேயே வைத்துவிட்டார். சோழநாடு சோணாடு ஆனதைச் சிதைவு என்று எந்தப் பண்டிதரும் சொல்வதில்லை. புதுக்கோட்டையைப் புதுகை என்று எழுதுகிற கைக்குப் போன் மட்டும் எப்படி அசிங்கமாகிறது?

தந்திவாசகத்தின் சுருக்கம் வேறு ஜாதி. சொல்லை எண்ணிக் காசு வாங்கியதால் வந்தது அது. 2013 ஜூலையில் தந்தி நின்றபோது அந்த நடையும் நின்றது. ஆனால் தந்தி என்ற பெயரைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலேயன் பேச்சில் 'ஒயர்' என்றான், ஆபீசில் 'டெலிகிராம்' என்றான். தமிழில் கம்பியே ஆபீசுக்கும் பெயராயிற்று, 1942இல் ஒரு தினசரிக்கும். வங்கியில் நான் எழுதும் டி.டி. ஆபீஸ் வைத்த முதலெழுத்து. கவுண்டருக்கு வெளியே நிற்பவர் வாயில் அதுவும் 'டீடீ'யாகி வேற்றுமை உருபு ஏற்றுக்கொள்கிறது.

எது போகிறது, எது நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டெலிபோனில் தூரத்தைக் குறிக்கும் 'டெலி' உதிர்ந்து, குரலைக் குறிக்கும் பாதி நின்றது. செல்போனில் நம்மவர்கள் குரலை உதறிவிட்டுச் 'செல்' என்றார்கள். கோபுரங்களின் எல்லையைக் கட்டம் கட்டமாகப் பிரித்ததால் வந்த பெயர் அது. தமிழ்க் காதிலோ அது 'போ' என்ற ஏவல். ஏட்டை அரிக்கும் கறையானும் அதுவே. இதைத் தொட்ட ஒரு கவிதைகூட என் கண்ணில் படவில்லை.

தொலைபேசி சர்க்கார் படிவத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். புழங்கியிருந்தால் தேய்ந்திருக்கும். முன்பாதியைக் கிள்ளினால் 'தொலை' என்று வசவாகிறது. பின்பாதி இருக்கிறது, ஆனால் 'பேசியை எடு' என்று யாரும் சொல்லி இதுவரை நான் கேட்டதில்லை.