மாவைத் தள்ளிய கை

கென்ஜி எகுவானைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய அம்மாவிலிருந்து தொடங்குகிறார்கள். கனமான பெரிய பாட்டிலிலிருந்து மேசையில் வைக்கும் சின்ன பாட்டிலுக்கு சோயா சாஸ் ஊற்ற அம்மா சிரமப்படுகிறார். மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த பத்தியில் மகன் வளர்ந்து ஜப்பானின் முன்னோடித் தொழில்துறை வடிவமைப்பாளர் ஆகிவிடுகிறான். அம்மா அதன் பிறகு கட்டுரையில் வருவதே இல்லை.

மகாராஜபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து இதைப் படித்தேன். எதிரே தென்னை மரத்தடியில் அம்மாச்சியின் ஆட்டுரல் கிடந்தது. அதன் குழியில் இப்போது கோழிகளுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். எகுவானின் அம்மாவும் இந்த உரலும் சேர்ந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டன. ஒரு பொருளை வடிவமைத்தவர் என்று நாம் யாரைச் சொல்கிறோம்?

முதலில் எகுவானுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். 1929இல் பிறந்தவர். அப்பா பௌத்த மதகுரு. ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டு அவருடைய சகோதரியைக் கொன்றது. கதிர்வீச்சின் பாதிப்பால் அப்பாவும் இறந்தார். சாம்பலாகிக் கிடந்த ஊரைப் பார்த்ததுதான் மனிதர்கள் தொட்டுப் புழங்கும் பொருள்களை உருவாக்கும் வேலைக்குத் தன்னைக் கொண்டுவந்தது என்று பின்னாளில் சொன்னார். மாணவப் பருவத்திலேயே நண்பர்களோடு சேர்ந்து ஜிகே என்ற குழுவைத் தொடங்கினார். யமஹா மோட்டார் சைக்கிள்கள், கோமாச்சி அதிவேக ரயில் என்று அவருடைய பட்டியல் நீளமானது. 1961இல் வந்த கிக்கோமான் பாட்டிலுக்காக மூன்று ஆண்டுகளில் நூறு மாதிரிகள் வரை செய்து பார்த்தார். சிவப்பு மூடியும் சொட்டாத மூக்கும் கைக்கு அடங்கும் இடுப்பும் கொண்ட அந்த பாட்டிலை இன்றும் கடைகளில் பார்க்கலாம். 2015இல் இறந்தார்.

என் சண்டை அவரோடு இல்லை. அம்மாவை நினைவுபடுத்திச் சொன்னவரே அவர்தான். அந்த நினைவை நாம் எழுதும் விதத்தோடுதான் சண்டை. பாட்டில் எந்த இடத்தில் வழுக்கும், எப்போது சொட்டும், எவ்வளவு கனம் கையைக் கடுக்கச் செய்யும் என்பதெல்லாம் தினமும் ஊற்றுகிறவருக்குத் தெரிந்தவை. இதைக் ‘கஷ்டம்’ என்று மட்டும் எழுதிவிட்டால், அறிவு முழுவதும் மகன் கணக்கில் போய்ச் சேர்கிறது.

இதைவிடத் தெளிவான சாட்சியும் ஜப்பானிலேயே இருக்கிறது. 1955இல் டோஷிபா நிறுவனம் தானாக அணையும் மின்சார ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் அந்த நிறுவனத்துக்குப் பொருள் செய்துகொடுத்த சிறு தொழிற்கூடக்காரர் யோஷிதாதா மினாமி. அவருடைய மனைவி ஃபுமிகோ நாள் தவறாமல் சோறு பொங்கிப் பார்த்தார். வெப்பத்தையும் நேரத்தையும் குறித்துவைத்தார். குளிரிலும் வெயிலிலும் திரும்பத் திரும்பச் செய்தார். வெளிப்பாத்திரத்தில் அளந்து ஊற்றிய தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், உலோகப் பட்டை வளையும், மின்சாரம் நிற்கும். சோறு எப்போது வெந்தது என்று அந்தக் கருவிக்குச் சொல்லிக்கொடுத்தது ஃபுமிகோ நடத்திய பரிசோதனை. ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆண் செய்திருந்தால் இதற்கு ஆராய்ச்சி என்று பெயர். வீட்டில் செய்ததால் ‘மனைவியின் ஒத்துழைப்பு’ ஆயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். மிக்சியின் கதை மாதுரி மாதுரின் வீட்டில் ஆரம்பிக்கிறது. அவருடைய ஜெர்மன் மிக்சி நின்றுபோனது; சரிசெய்ய வழியில்லை. பொறியாளரான கணவர் சத்ய பிரகாஷ் மாதுர் நம் சமையலுக்குத் தாங்கும் மோட்டாரை வைத்து ஒன்றைச் செய்தார். 1963இல் நிறுவனம் தொடங்கியது. சுமீத் மிக்சி வந்தது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ‘மனைவியின் மிக்சி கெட்டுப்போனது’ என்பதை ஒரு சுவையான தொடக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் காய்ந்த மிளகாயும் மல்லியும் மஞ்சளும் ஊறிய அரிசியும் ஒரே கருவியில் அரைபட வேண்டும் என்பது நம் அடுக்களை வைத்த நிபந்தனை. அந்த நிபந்தனைதான் மோட்டாரின் வலுவைத் தீர்மானித்தது.

கிரைண்டருக்கு வந்தால் விஷயம் இன்னும் துலக்கமாகிறது. ரைஸ் குக்கர் வந்த அதே 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மின்சார கிரைண்டரை உருவாக்கினார். கோயம்புத்தூர் கிரைண்டர் பின்னர் புவிசார் குறியீடும் பெற்றது. அம்மாச்சி மாவாட்டியதைப் பார்த்தவர்களுக்கு அந்த இயந்திரம் எதைப் பார்த்துச் செய்யப்பட்டது என்று உடனே புரியும். ஆட்டுரலில் கல் அசையாது. வலது கை குழவியைச் சுற்றும். இடது கை ஓரத்தில் ஒதுங்கும் மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். தாளம் தப்பினால் விரல் நசுங்கும். கிரைண்டரில் குழவி நிற்கிறது, பாத்திரம் சுற்றுகிறது. ஓரத்து மாவை ஒதுக்கிவிட ஒரு பலகை இருக்கிறது. வலது கைக்குப் பதில் மோட்டார், இடது கைக்குப் பதில் பலகை. தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் இரண்டு கைகளும் வரைந்துவைத்த வரைபடம் அது.

அப்படியானால் சமைக்கிற எல்லோரும் வடிவமைப்பாளர்களா என்று கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. மோட்டார் கட்டுவது தனித் திறமை. ஆனால் ஒரு பொருள் என்ன செய்ய வேண்டும் என்று வரையறுப்பதும், செய்கிறதா என்று சோதிப்பதும், எங்கே தவறுகிறது என்று சொல்வதும் வடிவமைப்பின் பகுதிகள்தான். இவற்றைக் கணக்கில் சேர்க்காத வரலாறு பாதி வரலாறு. ‘முதல் பெண் வடிவமைப்பாளர் யார்’ என்று தேடி ஒரு பெயரைச் சேர்த்துவிட்டாலும் அந்தப் பாதி நிரம்பாது.

இதனால் இன்னொரு இழப்பும் உண்டு. யாருடைய அறிவைக் கேட்கவில்லையோ, அவருடைய வேலை குறைகிறதா என்றும் யாரும் கேட்பதில்லை. வீட்டுக் கருவிகள் மற்றவர்களின் பங்கைக் குறைத்து அம்மாக்களின் வேலையைக் கூட்டின என்று அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதினார். எங்கள் வீட்டுக் கணக்கும் அதுதான். அம்மாச்சி காலத்தில் இட்லி தீபாவளிக்கு. மற்ற நாளில் கம்பஞ்சோறு. உரலைச் சுற்றி அம்மாச்சி, சித்தி, பக்கத்து வீட்டு மதினி என்று நாலு பேர் இருப்பார்கள். கிரைண்டர் வந்தபிறகு தினமும் இட்லி அல்லது தோசை. ஆட்டுவது அம்மா மட்டும். 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வழங்கத் தொடங்கியதை நான் குறைவாக மதிக்கவில்லை. சீராக மட்டுமே வந்துகொண்டிருந்த பொருள் சீர் கொடுக்க முடியாத வீடுகளுக்கும் வந்தது. ஆனால் அதைப் பெண்களுக்கான திட்டம் என்று எல்லோரும் இயல்பாகச் சொன்னோம். இட்லி தின்பது பெண்கள் மட்டுமா?

பல வருஷத்துக்கு முன் கிரைண்டர் வாங்கப் போனபோது கடைக்காரர் அப்பாவைப் பார்த்து மோட்டாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அம்மா ஒன்றுதான் கேட்டார்: “கல்லைத் தூக்கி எப்படிக் கழுவுறது?” அவர் சிரித்துவிட்டு அப்பாவிடமே பேச்சைத் தொடர்ந்தார். அன்று அந்தக் கடையில் கேட்கப்பட்ட ஒரே வடிவமைப்புக் கேள்வி அது. இன்றைக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்மாதான் கழுவுகிறார்.

இந்தக் கட்டுரைக்காக மாவாட்டும் பக்குவத்தைச் சொல்லச் சொன்னேன். உளுந்து எவ்வளவு ஊற வேண்டும், எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும், ஒரு துளி மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும் என்று அம்மா வரிசையாகச் சொன்னார். நோட்டை மூடப் போனேன்.

“இரு தாயி, கழுவுறதையும் சேத்து எழுது” என்றார்.

எழுதிக்கொண்டேன்.