பாட்டன் நகரும் பெயர்மரபும்: பழைய போர்ப்படங்களின் விளக்கவரிகள் பற்றி

1. முன்னுரை

பழைய போர்க்களப் புகைப்படங்களைத் தமிழில் வெளியிடுவோர், படத்தின்கீழ் இடம்பெறும் விளக்கவரியைச் சிறுபணியாகவே கருதுகின்றனர். ஆயின் படம் தன் பெயரைத் தானே கூறுவதில்லை, விளக்கவரியே கூறுகிறது. அவ்வரி பிழைபடின், பின்வருவோர் அப்படத்தையே அப்பிழைக்குச் சான்றாகக் காட்டுவர். 1965ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போரின் டாங்கிப் படங்களைக் கொண்டு இச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. தொகுதிப் பெயரும் தனிப் பெயரும்

1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை பஞ்சாபின் கேம்கரனை அடுத்த அசல் உத்தரில் பெரும் டாங்கிப் போர் நிகழ்ந்தது. அதன்பின் கைப்பற்றப்பட்ட பாகிஸ்தான் டாங்கிகள் பிக்கிவிண்டில் திரட்டி வைக்கப்பட்டன. அவ்விடம் 'பாட்டன் நகர்' எனப் பெயர் பெற்றது. அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பாட்டனின் பெயரைத் தாங்கிய டாங்கிகளே பாகிஸ்தானின் தலையாய படைக்கலமாக இருந்தமையின் இப்பெயர் பொருந்துவதே. பலவகைப் பொருள் கலந்த தொகுதியைத் தலைமைபற்றியோ பன்மைபற்றியோ ஒரு பெயரால் வழங்கலாம் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் உடன்படும் மரபாகும்.

ஆனால் அம்மரபு தொகுதிக்கே உரியது. தொகுதியிலிருந்து பிரித்தெடுத்த ஒன்றுக்கு உரியதன்று. பாகிஸ்தான் படையில் பாட்டனோடு ஷாஃபி என்னும் இலகு டாங்கியும், ஷெர்மன் டாங்கியும் இருந்தன. எனவே அப்போரின் டாங்கிப் படம் எதுவாயினும் 'பாட்டன்' என்று எழுதுவது தலைமைபற்றிய வழக்கைத் தனிப்பொருளின்மேல் ஏற்றுவதாகும். மேலும், 'பாட்டன்' என்பதும் ஒரே டாங்கியின் பெயரன்று. எம்-47, எம்-48 ஆகிய இரண்டும் அப்பெயரால் வழங்கின. தமிழ் எழுத்தில் அது முதியவரைக் குறிக்கும் சொல்லாகவும் ஒலிப்பது தனிச்சிக்கல்.

3. உறுப்பு நோக்கி அறிதல்

வாகனத்தை அதன் உறுப்புகளே காட்டிக்கொடுக்கும். ஷாஃபியின் ஒரு பக்கத்தில் ஐந்து பெருஞ்சக்கரங்கள் உள்ளன. எம்-47, எம்-48 ஆகியவற்றில் ஆறு. ஷெர்மனின் பழைய அமைப்பில் சக்கரங்கள் இரண்டிரண்டாக இணைந்து, பக்கத்திற்கு மூன்று தொகுதிகளாக அமைந்திருக்கும்.

பாட்டன்களுக்குள் வேற்றுமை காண்பதில் கூடுதல் கவனம் தேவை. சங்கிலியின் மேற்பகுதியைத் தாங்கும் சிறு உருளைகள் எம்-47இல் மூன்று. தொடக்ககால எம்-48இல் ஐந்து. ஆயின் பின்வந்த எம்-48 வகைகள் சிலவற்றிலும் உருளைகள் மூன்றே. ஆகவே உருளையை மட்டும் எண்ணி முடிவு கூறுபவர் தவறக்கூடும். முன்புறத்தையும் நோக்கவேண்டும். எம்-47இன் உடற்பகுதி முன்புறம் தட்டையான தகடுகளால் ஆகியது. அதில் ஓர் இயந்திரத் துப்பாக்கி பொருத்தப்பட்டிருக்கும். எம்-48இன் முன்புறம் படகின் அடிபோல் வளைந்தது. அத்துப்பாக்கி அதில் இல்லை. ஒரு சொல்லின் பொருளை ஓரிடத்து வழக்கால் மட்டும் துணியாத அகராதியாளரின் முறையே இங்கும் வேண்டப்படுவது.

4. 'பகைவர்' என்னும் அடை

வகைப் பெயர் பிழைபடுவதைக் காட்டிலும் பெரும்பிழை உடைமை பற்றியது. அசல் உத்தரில் போரிட்ட இந்தியப் படையணிகளுள் ஒன்றான டெக்கான் குதிரைப்படை ஷெர்மன் டாங்கிகளையே கொண்டிருந்தது. பாகிஸ்தானிடமும் ஷெர்மன் இருந்தது. எனவே சிதைந்து கிடக்கும் ஒரு ஷெர்மனின் படம், அது எத்தரப்பினது என்பதைத் தன் வடிவத்தால் மட்டும் காட்டாது. படையணிக் குறியோ எண்ணோ தெரிந்தாலன்றி அதனைத் துணிய இயலாது.

'சிதைந்த டாங்கி' என்றுமட்டும் மூலத்தில் இருக்க, மொழிபெயர்ப்பாளர் ஓட்டத்திற்காகப் 'பகைவரின்' என்னும் அடையைச் சேர்ப்பதுண்டு. அவ்வொரு சொல்லால், நம் வீரர் எரிந்து மடிந்திருக்கக்கூடிய வாகனம் வெற்றியின் காட்சிப்பொருளாகிவிடுகிறது. இறந்தவர் எவர் என்பதையே அச்சொல் மாற்றிவிடுகிறது.

5. பெயரெச்சத்தின் இருபொருள்

தமிழ்ப் பெயரெச்சமும் இங்கு இடர் தருகிறது. 'அழித்த டாங்கி' என்னும் தொடரில் டாங்கி வினைமுதலாகவும் இருக்கலாம், செயப்படுபொருளாகவும் இருக்கலாம். உரைநடையில் சூழல் ஐயத்தை நீக்கும். நான்கு சொற்களேயுள்ள விளக்கவரியில் சூழல் இல்லை. 'அழிக்கப்பட்ட' என்னும் செயப்பாட்டு வடிவம் செவிக்கு இனிதன்று எனச் சிலர் விலக்குவர். விளக்கவரியில் இனிமையினும் தெளிவே முதன்மையானது.

6. அளவன்று, பெயர்

எண்களைத் திருத்த முற்படுவோரும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். அசல் உத்தரில் வீரமரணம் எய்திப் பரம்வீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீது, ஜீப்பில் பொருத்திய பின்னுதைப்பற்ற துப்பாக்கியால் டாங்கிகளைத் தாக்கினார். '106 மி.மீ.' என வழங்கும் அவ்வகைத் துப்பாக்கியின் உண்மைக் குழல்விட்டம் 105 மி.மீ. ஆகும். அதற்கு முன்னிருந்த 105 மி.மீ. துப்பாக்கியின் குண்டுகளோடு இதன் குண்டுகள் மயங்காதிருக்கவே எண் மாற்றப்பட்டது. ஆகவே 106 என்பது ஈண்டு அளவன்று, இடுகுறிப் பெயர். அளந்து பார்த்து அதனை 105 எனத் திருத்தும் மொழிபெயர்ப்பாளர், வேறொரு படைக்கலத்தின் பெயரை எழுதியவராவார்.

7. முடிவுரை

படம் எவ்வளவு கூறுகிறதோ அவ்வளவே விளக்கவரியும் கூறுதல் வேண்டும். எம்-48 என்று துணிய உறுப்புகள் தெரியின் அவ்வாறே எழுதலாம். பாட்டன் என்றளவில் மட்டும் தெரியின் 'பாட்டன் வகை டாங்கி' எனலாம். அதுவும் தெளியாவிடின் 'டாங்கி' என்னும் பொதுச்சொல்லே போதும். பொதுச்சொல்லை அறியாமையின் அடையாளமாகக் கருதி அஞ்சவேண்டுவதில்லை. ஐயப்பொருளைப் பொதுச்சொல்லால் கூறுவதும் நம் இலக்கண மரபே. 'சிதைந்த ஷெர்மன் டாங்கி, அசல் உத்தர், 1965. எத்தரப்பினது எனத் துணிய இயலவில்லை' என்னும் விளக்கவரி, பிழையான பெருமிதத்தைவிட அதனுள் இருந்தோர்க்குச் செய்யும் மேலான மரியாதையாகும்.