டிஸ்டோபியப் புனைகதையும் முன்னறிதலும்

வல்லரசின் சரிவையும் பெருநிறுவனங்களின் ஆட்சியையும் டிஸ்டோபியப் புனைகதை முன்னறிய வல்லதா என்னும் வினாவை இரு ஆங்கில நாவல்களின் வழி இங்கு ஆராயலாம்.

வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' (1984) அரசுகளை விஞ்சிய பெருநிறுவனங்களின் உலகைப் படைத்தது. தம் காலத்து வணிகப் போக்கை நீட்டித்துக் கண்ட கிப்சன், சோவியத் வல்லரசின் இருப்பை மாறாததாகக் கொண்டார். அவர்தம் வருங்கால உலகில் சோவியத் ஒன்றியம் நிலைத்திருக்கிறது. நடப்புலகில் அது 1991இல் கலைந்தது.

ஆக்டேவியா பட்லரின் 'பாரபிள் ஆஃப் த சோவர்' (1993) 2024இல் தொடங்குகிறது. அதில் காவலர்கள் கட்டணம் பெறுகின்றனர். அதிபர் தொழிலாளர் காப்புச் சட்டங்களை நிறுத்திவைக்க முனைகிறார். ஒலிவார் என்னும் கடற்கரை ஊர் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போகிறது. நிறுவனச் சீட்டாகக் கூலி பெறுவோர் கடனடிமைகளாகின்றனர். 2024 கடந்துவிட்டது, அமெரிக்க அரசு அந்த அளவிற்குச் சிதையவில்லை. எனினும் நாவல் வலுவிழக்கவில்லை. ஒலிவாரை ஒத்த ஊர்கள் அமெரிக்க வரலாற்றில் முன்பே இருந்தன. சிகாகோவை அடுத்த புல்மன் நகரில் தொழிலாளர் குடியிருந்த வீடுகளும் நிறுவனத்துடையவை. கூலியைக் குறைத்த நிறுவனம் வாடகையைக் குறைக்க மறுக்கவே, 1894இல் வேலைநிறுத்தம் மூண்டது.

நிகழ்ச்சியை முன்னறிதல் வேறு; அதன் இயங்குமுறையை இனங்காணுதல் வேறு. முன்னதில் இவ்வகைப் புனைகதை தவறக்கூடும். பின்னதிலேயே அதன் மதிப்பு அமைகிறது. அச்சத்தில் வாழ்வோர் பாதுகாப்பின் பொருட்டு உரிமையை விட்டுக்கொடுப்பர் என்பதே பட்லர் கண்ட இயங்குமுறை. ஆண்டுக்கணக்கை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் திறனாய்வு இதனைக் காணாது போகும்.