குப்பைக் கோழியாருக்கு ஒரு பெயர்

காலையில் பால் பாக்கெட் வருமுன்பே ‘படித்ததில் பிடித்தது’ வந்துவிடுகிறது. மதுரை அண்ணா நகர்க் குடியிருப்போர் குழு, திருமங்கலத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குழு, மேலூரில் ஒன்றாகப் படித்தவர்கள் குழு என்று எந்த வாட்ஸ்அப் குழுவுக்குள் எட்டிப் பார்த்தாலும் அங்கே ஒரு பொறுக்குமணி இருக்கிறார். இணையத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு நாள் சிந்திக்க வைக்கும் கட்டுரையையும், மறுநாள் முல்லா கதையையும், அதற்கு மறுநாள் மாமியார் ஜோக்கையும் கொண்டுவந்து போடுகிறார். இதுவரை யாருக்கும் வம்பில்லை. இப்போது இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெரிய வக்காலத்து கிளம்பியிருக்கிறது. இது நம் தொகை மரபின் தொடர்ச்சியாம். சங்கம் வளர்த்த ஊரில் அன்று பாட்டுகளைத் திரட்டியவர்கள் செய்ததைத்தான் இன்று கைபேசியில் செய்கிறார்களாம்.

மேடையில் சொன்னால் கைதட்டு விழுகிற வாதம் இது. தண்ணீரில் நனைத்தால் சாயம் போய்விடும்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். செய்தித்தாள் வாங்காத வீட்டிலும் இன்று ஏதோ ஒன்று படிக்கப்படுகிறது. புத்தகக் கடை இல்லாத ஊரில் இருக்கும் பெண்ணுக்கும் அடுப்படி வேலைக்கு நடுவில் நாலு பத்தி கிடைக்கிறது. ஆயிரம் பக்கங்களைப் புரட்டி ஒரு பக்கத்தை எடுத்து நீட்டுபவர் செய்வதும் வேலைதான். நல்ல ரசனை இருந்தால் அது கலையும் ஆகும். நியூசிலாந்தில் இருந்துகொண்டு டெனிஸ் டட்டன் என்ற தத்துவப் பேராசிரியர் 1998இல் ‘ஆர்ட்ஸ் அண்ட் லெட்டர்ஸ் டெய்லி’ தொடங்கினார். தினம் மூன்று கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி முன்னோட்டம் எழுதி, மூலப் பக்கத்துக்கு வழி காட்டினார். அதை மட்டுமே நம்பிப் படித்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். தமிழில் 2004இல் வந்த தமிழ்மணம் திரட்டியும் ஏறக்குறைய அப்படித்தான். தலைப்பைத் தட்டினால் எழுதியவரின் வீட்டு வாசலில் போய் நிற்கலாம்.

துணுக்கும் புதிதன்று. 1881இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் நியூன்ஸ் தொடங்கிய ‘டிட்-பிட்ஸ்’ தன் முழுப் பெயரிலேயே உலகப் புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் இருந்து திரட்டியது என்று சொல்லிக்கொண்டது. 1922இல் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ வந்தது. இங்கே ‘மஞ்சரி’யும் தமிழ்வாணனின் ‘கல்கண்டு’ம் ஒரு தலைமுறைக்கே பொது அறிவு ஊட்டின.

கைபேசிப் பொறுக்குமணிகள் இந்த வரிசையில் சேர விரும்புவதில் தப்பில்லை. ஆனால் சங்கத் தொகைகளைச் சாட்சிக்கு அழைத்துவிட்டார்களே, அந்தச் சாட்சி என்ன சொல்கிறது என்று கேட்கத்தானே வேண்டும்?

அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப் பெருவழுதி. தொகுத்தவர் பெயரும் செலவு செய்தவன் பெயரும் இத்தனை காலம் கழித்தும் நம்மிடம் இருக்கின்றன. பாட்டுகளை அவர்கள் அள்ளிக் கொட்டவில்லை. ஒற்றைப்படை எண் என்றால் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி. 4 என்றால் முல்லை. 6 என்றால் மருதம். 10, 20 என்று வந்தால் நெய்தல். எண்ணைச் சொன்னால் திணை தெரியும். புறநானூற்றில் பாட்டின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று குறிப்பு வரும். பல இடங்களில் எந்தச் சூழலில் பாடியது என்பதும் இருக்கும்.

இதைவிட முக்கியமானது குறுந்தொகையில் இருக்கிறது. சில பாட்டுகள் கையில் இருந்தன, பாடியவர் பெயர் மட்டும் இல்லை. தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? பாட்டுக்குள் போய், மறக்க முடியாத ஓர் உவமையை எடுத்து, அதையே புலவருக்குப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார், விட்டகுதிரையார். குப்பைமேட்டில் சண்டையிடும் கோழிகளை உவமையாக்கியவருக்குக் குப்பைக் கோழியார் என்று பெயர், ‘ஆர்’ விகுதியோடு! யாரென்றே தெரியாத ஆளுக்கு இவ்வளவு மரியாதை. நற்றிணையில் பல பாட்டுகளுக்குப் பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. அங்கே அந்த இடம் வெற்றிடமாகவே நிற்கிறது. யாரும் அதில் ‘பகிர்வு’ என்று எழுதி நிரப்பவில்லை.

‘படித்ததில் பிடித்தது’ இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. அங்கே இல்லாத பெயரைத் தேடிப் படைத்தார்கள். இங்கே இருக்கிற பெயரை வெட்டி எடுக்கிறார்கள். ஒரு கதை முதல் கையில் எழுத்தாளர் பெயரோடும், வெளிவந்த இதழின் பெயரோடும் புறப்படும். மூன்றாவது கையில் இதழ் போகும். ஐந்தாவது கையில் எழுத்தாளர் போவார். பத்தாவது கையில் கதையின் கடைசியில் யாரோ ‘நீதி’ என்று இரண்டு வரி சேர்த்திருப்பார். தன் கதையையே பெயரில்லாமல், வேறொரு முடிவோடு, சொந்தக்காரர் குழுவில் படிக்க நேர்ந்த எழுத்தாளர் என்ன சொல்ல முடியும்? “நான்தான் எழுதினேன்” என்றால், அங்கே எல்லாரும் சிரிப்பார்கள். எழுதியவர் இன்னார் என்று உரிமை கோரும் உரிமையை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு அவருக்குத் தருகிறது. அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் எப்படி வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது?

பெயர் போன இடம் சும்மா கிடப்பதில்லை. பெரிய பெயர் ஒன்று வந்து குந்திக்கொள்கிறது. 1997 ஜூன் மாதம் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நாளிதழில் மேரி ஷ்மிக் என்ற பத்தி எழுத்தாளர், பட்டம் பெறும் இளைஞர்களுக்கு வேடிக்கையாக அறிவுரை சொல்லி ஒரு பத்தி எழுதினார். சில வாரங்களில் அது நாவலாசிரியர் கர்ட் வானகட் எம்.ஐ.டி.யில் ஆற்றிய பட்டமளிப்பு உரை என்று மின்னஞ்சலில் உலகம் சுற்றியது. அந்த ஆண்டு அங்கே பேசியவர் கோஃபி அன்னான். நம் பக்கத்தில் அந்த நாற்காலியில் பெரும்பாலும் உட்கார வைக்கப்படுபவர் அப்துல் கலாம். அவர் சொன்னதாக உலவும் பொன்மொழிகளையெல்லாம் அவரே சொல்லியிருந்தால், ராக்கெட் விட அவருக்கு நேரம் இருந்திருக்காது.

மெக்காலே கதை இன்னும் மோசம். இந்தியாவில் பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை என்று 1835 பிப்ரவரி 2 அன்று அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக ஒரு பத்தி, தமிழிலும் தளராமல் சுற்றுகிறது. 1834 ஜூனில் சென்னையில் வந்திறங்கி, ஊட்டியில் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்தித்து, பிறகு கல்கத்தா போனவர் மெக்காலே. அந்த பிப்ரவரி 2 அன்று அவர் கல்கத்தாவில்தான் இருந்தார். அவருடைய பேர்போன கல்விக் குறிப்பின் தேதி அதுதான். லண்டனில் எப்படிப் பேசினார் என்று ஒரு குழுவிலாவது யாராவது கேட்டிருப்பார்களா? கைகூப்பிய பொம்மை நாலு விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

“சிரிப்புத் துணுக்குக்கு எதற்கு முகவரி?” என்று கேட்பார்கள். சிரிப்புக்கும் தேதி வேண்டும். 2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாகாமல் இருக்க தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார் அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜு. காற்றடித்தது, அட்டைகள் கரை ஒதுங்கின, ஊரே சிரித்தது. சிரிக்க வேண்டிய காட்சிதான். அதற்கு முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. அணை காய்ந்து, மதுரையில் குடத்தோடு தெருவில் நின்ற கோடை அது. இன்று சுற்றும் படத்தில் தெர்மாகோல் இருக்கிறது, குடம் இல்லை. ஆண்டு அழிந்ததும் பாதி நகைச்சுவையும் ஆவியாகிவிட்டது.

மதுரையிலிருந்து சிவகங்கை மாவட்ட எல்லையைத் தாண்டினால் வருகிற கீழடியை இந்தக் குழுக்களுக்கு மிகவும் பிடிக்கும். அதன் வயது ஒவ்வொரு பகிர்விலும் சில நூறு ஆண்டு கூடுகிறது. ஆனால் கி.மு. 580 என்ற ஆண்டு எப்படிக் கிடைத்தது? 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி என்று குறித்து வைத்திருந்ததால் கிடைத்தது. குழி எது, அடுக்கு எது, ஆழம் எவ்வளவு என்ற குறிப்பு இல்லாவிட்டால் அங்கே கிடைத்தது வெறும் ஓடு. அந்த ஓடுகளிலும் சிலவற்றில் ஆதன் என்று பெயர் கீறியிருக்கிறார்கள், சோற்றுப் பானைக்கே.

எங்கிருந்து, யாரிடமிருந்து என்று குறித்து வைப்பது முடியாத காரியம் இல்லை. தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்துகொண்டு கு. கல்யாணசுந்தரம் நடத்தினார். அங்கே போடப்படும் மின்னூலின் தலைமாட்டில் நூலைத் தந்தவர், தட்டச்சு செய்தவர், பிழை பார்த்தவர் என்று ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். சம்பளமில்லாத வேலை, ஊரைவிட்டு எங்கோ. வாட்ஸ்அப் நிறுவனமோ 2018இல் ‘ஃபார்வர்டு’ என்ற சிறு முத்திரையைச் சேர்த்ததோடு சரி. வேறு எங்கிருந்தோ வந்தது என்று மட்டும் அது சொல்லும். யாரிடமிருந்து என்று சொல்லாது.

முகூர்த்த மாதங்களில் மதுரைப் பக்கம் வரும் கல்யாணப் பத்திரிகைகளைப் புரட்டினால், செம்மண்ணில் மழை கலந்த அந்தக் குறுந்தொகைப் பாட்டு அடிக்கடி முகப்பில் நிற்கும். எங்கோ பகிரப்பட்டதிலிருந்து அப்படியே எடுத்தது. எழுத்துப்பிழையோடு வருவதும் உண்டு. அடியில் செம்புலப்பெயல்நீரார் பெயர் இருக்காது. பின்னட்டையில் அச்சகத்தின் பெயர் இருக்கும், கைபேசி எண்ணோடு.