எவர் தோளுக்கு அளந்த கிற்றார்?

நம்மிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் கற்று, இன்று கொழும்பிலே தொழில் பார்க்கும் மாணவி ஒருத்தி, சம்பளத்திற் சேமித்த பணத்தைக் கொண்டு மின்கிற்றார் ஒன்று வாங்கச் சென்றாள். கடைக்காரர் அவளது கையைப் பார்த்தார். பின்பு சுவரிலே தொங்கிய கருவிகளைப் பார்த்தார். "தங்கச்சிக்கு விரல் கட்டை, இதுகள் சரிவராது" என்று கூறி, மூலையிற் கிடந்த இளஞ்சிவப்பு நிறக் கருவி ஒன்றை எடுத்து நீட்டினார். ரோசமுள்ள பிள்ளை, அதை வாங்கவில்லை. வேறொரு கடையிலே பெரியதொன்றை வாங்கினாள். நாலரைக் கிலோ எடையுள்ள அது, ஆறு மாதங்களில் அவளது இடத்தோளை நோகச் செய்துவிட்டுக் கட்டிலின் கீழே போய்ச் சேர்ந்தது. "எனக்குத்தான் உடம்பு காணாது, சேர்" என்று நம்மிடம் சொன்னாள்.

அந்த ஒரு வசனமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இலக்கியப் பத்திரிகையிலே கிற்றாருக்கு என்ன வேலை என்று வினவும் வாசகர் இருப்பர். ஒரு யாப்பு எச்சமூகத்தின் செவிக்கு அமைந்தது, ஒரு நாடகம் எவ்வர்க்கத்தின் கண்ணுக்கு அமைந்தது என்றெல்லாம் கேட்கப் பழகிய நாம், இசைக்கருவியின் உருவத்தை மட்டும் மலையையும் கடலையும் போல இயற்கை தந்த பொருளாக ஏற்றுக்கொள்வது முறையன்று. மின்கிற்றார் அண்மைக் காலத்துப் பொருள். குறிப்பிட்ட சில ஆண்டுகளில், அமெரிக்கத் தொழிற்சாலைகள் சிலவற்றில், குறிப்பிட்ட மனிதர் வரைந்த படங்களின்படி அறுத்தெடுக்கப்பட்ட உருவம் அது. எனவே, அப்படங்களை வரைந்தபோது அவர்கள் மனக்கண்முன் நின்ற உடல் எவருடையது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

1950இல் கலிபோர்னியாவின் புல்லேர்ற்றன் நகரில் லியோ பென்டர் சந்தைக்கு விட்டதும், அடுத்த ஆண்டு முதல் ரெலிகாஸ்ரர் என்று வழங்கியதுமான கிற்றார், தடித்த பலகை ஒன்றைக் கிற்றாரின் வடிவிலே அறுத்தது போன்றது. அதன் விளிம்பு விலாவிலே குத்துகின்றது என்று வாசித்தோர் முறையிட்டனர். பில் கார்சன், றெக்ஸ் கலியன் முதலியோரின் பெயர்கள் இம்முறைப்பாட்டோடு சேர்த்துப் பேசப்படுவதுண்டு. முறைப்பாடு வீண்போகவில்லை. 1954இல் வந்த ஸ்ராற்றோகாஸ்ரரின் முதுகுப்புறம் உடலோடு பொருந்துமாறு குழிவாகச் செதுக்கப்பட்டது. வல முன்கை தங்கும் விளிம்பு சரித்து இழைக்கப்பட்டது. உலகில் மிக அதிகமாகப் பின்பற்றப்பட்ட கிற்றார் உருவங்களுள் ஒன்று இப்படித்தான் பிறந்தது. அக்குழிவு பெண்ணுக்கும் ஓரளவு உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆண் இசைஞரின் விலா நொந்தபோது மரம் குறைபாடுடையது என்று தீர்மானிக்கப்பட்டு, மரம் செதுக்கப்பட்டது. பெண்ணின் மார்பு நெரிந்தபோதும் தோள் நொந்தபோதும் அவளுடைய உடம்பு குறைபாடுடையது என்று தீர்மானிக்கப்பட்டது. நம் மாணவியும் அதே தீர்ப்பைத்தான் தனக்குத் தானே வழங்கிக்கொண்டாள்.

விரல் கட்டை என்ற குற்றச்சாட்டையும் அளந்து பார்ப்போம். கிற்றாரின் குதிரைக்கும் கழுத்தின் மேல்முனைக்கும் இடையிலே தந்தி அதிரும் நீளம், பென்டரின் பெருங்கருவிகளில் 648 மில்லிமீற்றர். கிப்சன் நிறுவனத்தின் லெஸ் போல் முதலியவற்றில் ஏறத்தாழ 628. மெட்டுகளுக்கு இடையேயுள்ள தூரம் இந்நீளத்தைப் பொறுத்தே அமையும். முதல் மெட்டிலிருந்து நாலாம் மெட்டு வரை கையை விரிக்க, 648 நீளமுள்ள கருவியில் 97 மில்லிமீற்றர் வேண்டும். 610 நீளமுள்ள கருவியிலோ 92 போதும். ஐந்து மில்லிமீற்றர் அற்பம் என்று ஆசிரியருக்குத் தோன்றலாம். சுண்டுவிரல் எட்டாமல் நிற்பவளுக்கு அது அற்பமன்று. தந்தியின் இழுவிசையோ நீளத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவது. அதே தந்தியை அதே சுருதிக்குக் கூட்டினால், 610 நீளக் கருவியில் இழுவிசை நூற்றுக்குப் பதினொரு பங்கு குறையும். கை சிறிதா பெரிதா என்ற வினா, கருவி எவ்வளவு நீளம் என்ற வினாவின்றிப் பொருளற்றது என்பதைக் காட்டவே இக்கணக்கைத் தந்தோம்.

அப்படியானால் குறுகிய கருவிகள் செய்யப்படவில்லையா? செய்யப்பட்டன. பென்டர் நிறுவனம் 1956இல் 572 மில்லிமீற்றர் நீளமுள்ள மியூசிக்மாஸ்ரர், டுவோ-சொனிக் என்பவற்றையும், 1964இல் 610 நீளம் கொண்ட மஸ்ராங்கையும் வெளியிட்டது. ஆனால் அவை மாணவர் கருவிகள் என்ற பெயரோடு, மலிவாக விற்கப்பட்டன. வசதியான அளவு, 'இன்னும் தேறாதவன்' என்ற முத்திரையோடு மட்டுமே கிடைத்தது. கைக்கு ஏற்ற கருவியை எடுத்தவள் தான் இன்னும் கற்றுக்குட்டிதான் என்று அறிவித்துக்கொண்டே அதை எடுக்க வேண்டியிருந்தது. 1991இல் நிர்வாணா குழுவின் கேர்ட் கோபேன், உலகமெங்கும் ஓடிய பாட்டுப் படமொன்றில் மஸ்ராங்கோடு தோன்றினார். உடனே அதே சிறு கருவி கலகக்காரனின் சுவையாகிவிட்டது! ஆண் எடுத்தால் அது தெரிவு, பெண் எடுத்தால் அது இயலாமை என்ற இந்தக் கணக்கு எந்த அளவுகோலிலும் அகப்படாதது.

தமிழ் கற்றோருக்கு இவ்விடத்திலே ஒன்று நினைவுக்கு வரும். நம் பாணர்களிடம் பேரியாழும் இருந்தது, சீறியாழும் இருந்தது. சீறியாழை ஏந்திய சிறுபாணனைக் கற்றுக்குட்டி என்று எவரும் ஒதுக்கியதாக நாம் படிக்கவில்லை. நத்தத்தனார் அவனை நல்லியக்கோடனின் அவைக்கே வழிகாட்டி அனுப்புகிறார். யாழ் வகைகளை விரிவாக ஆராய்ந்த விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. கருவியின் சிறுமையும் கலைஞனின் சிறுமையும் ஒன்றல்ல என்பதை அறிய நாம் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டியதில்லை. ஆயினும் கிற்றாரின் வழக்கு அங்கேதான் நடக்கின்றது, அங்கேயே திரும்புவோம்.

பெண்ணின் உடல் இக்கருவிக்கு ஆகாது என்ற கதையை மறுக்கச் சாட்சிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. சிக்காகோவிலே 1942இன் கடைசி இரவில் மெம்பிஸ் மின்னி மின்கிற்றார் வாசித்ததைக் கேட்ட கவிஞர் லாங்ஸ்ரன் ஹியூஸ், அடுத்த மாதம் பத்திரிகையிலே அதைப்பற்றி எழுதியபோது, அந்த ஒலியை உருக்காலையின் பேரோசையோடு ஒப்பிட்டார். உழைக்கும் மக்களின் கவிஞருக்கு வந்த உவமை அது. வீட்டுக்கூடத்து மெல்லிசை அவர் நினைவுக்கு வரவில்லை. 1964இல் மான்செஸ்ரர் நகரிலே, கைவிடப்பட்ட புகையிரத நிலையமொன்றின் மேடையில், குளிருக்கு அணிந்த மேலங்கியோடு நின்று வெள்ளைக் கிப்சன் ஒன்றை முழக்கினார் சகோதரி றொஸெற்றா தார்ப். அப்போது அவருக்கு 49 வயது. அந்நிகழ்ச்சியின் ஒளிப்படச்சுருள் இன்றும் கிடைக்கின்றது. அவர் கையிலிருந்தது 1961இல் வந்த எஸ்.ஜி. வகை: உடல் மெல்லியது, லெஸ் போலிலும் எடை குறைந்தது, இருபுறமும் கொம்புபோல் வெட்டப்பட்டது. அவர் அதனைத் தேர்ந்த காரணத்தை நாம் இட்டுக்கட்ட விரும்பவில்லை. பார்ப்போர் கண்ணுக்கு ஒன்று தெளிவு: கருவி அவர் உடலோடு போரிடவில்லை. றொக் இசையின் மண்டபம் அவர் பெயரைப் பொறிக்க 2018 வரை காத்திருந்தது. அவரோ 1973இலேயே காலமாகிவிட்டார்.

இன்னொரு சாட்சி மேடையிலே இல்லை, தொழிற்சாலையிலே இருக்கின்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரிலிருந்த கிப்சன் தொழிற்சாலையிலே, போருக்குச் சென்ற ஆண்களின் இடத்தில் நின்று ஆயிரக்கணக்கான கிற்றார்களைச் செய்தவர்கள் பெண்கள். அப்போர் ஆண்டுகளிற் கிற்றார் செய்யப்படவேயில்லை என்ற கதை நெடுங்காலம் நிலவியது. ஜோன் தோமஸ் என்பவர் அப்பெண்களைத் தேடிக் கண்டு எழுதிய பின்னரே அது உடைந்தது. பென்டர் தொழிற்சாலையில் 1956இற் சேர்ந்த அபிகேல் இபாரா, தந்தியின் அதிர்வை மின்னாக்கும் காந்தச் சுருளுக்கு மயிரிழை போன்ற செப்புக் கம்பியைக் கையாற் சுற்றி வந்தார். 2013இலேதான் ஓய்வு பெற்றார். அவர் சுற்றிய சுருள்களை இசைஞர் தேடி வாங்குவர். கிற்றாரின் குரலை உண்டாக்கிய கை பெண்ணின் கை. அளவெடுக்கும்போது மட்டும் அக்கை நினைவுக்கு வரவில்லை.

சந்தைக்குக் கண் திறந்தது பிந்தித்தான். 2000இல் ரிஷ் சிரவோலோ என்பவர் டெய்சி றொக் என்ற பெயரில் சிறுமியருக்கான கிற்றார்களை விற்கத் தொடங்கினார். தாமும் பேஸ் கிற்றார் வாசித்தவராதலால் நோவு எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது: கழுத்தை மெலிதாக்கினார், எடையைக் குறைத்தார். இவற்றைப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த மெல்லிய கழுத்து பூ வடிவத்தோடும் இதய வடிவத்தோடும் பளபளக்கும் வர்ணத்தோடும் பிணைக்கப்பட்டு வந்தது. இளஞ்சிவப்பை விரும்பும் பெண் அதை எடுப்பதில் நமக்கென்ன வழக்கு? நோவில்லாத கழுத்து வேண்டுமென்றால் பூவையும் சேர்த்து வாங்கு என்பதிலேதான் வழக்கு. 2018இல் பென்டர் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் புதிதாகக் கிற்றார் எடுப்போரிற் பாதிப்பேர் பெண்கள் என்று கூறியது. வாங்குவோரிற் பாதியை இழக்க எந்த முதலாளி துணிவான்? இனி எல்லாரும் பெண்களைப் பற்றிப் பேசுவர். என்ன பேசுகிறார்கள் என்பதை நாம் உன்னிப்பாகக் கேட்க வேண்டும்.

அவ்வகையில் நம் கவனத்துக்கு உரியது 2016இல் ஏர்னி போல் மியூசிக் மான் நிறுவனம் வெளியிட்ட கிற்றார். சென்ற் வின்சென்ற் என்ற பெயரிற் பாடும் ஆனி கிளார்க் அதன் உருவாக்கத்திற் பங்குகொண்டார். பழைய பெருங்கருவிகளின் எடை தமது சிறிய உடலுக்குப் பொருந்தவில்லை என்பதை அவர் வெளிப்படையாகக் கூறியவர். இக்கருவியின் இடை ஒடுங்கியது, விளிம்புகள் கோணலாக வெட்டப்பட்டவை, எடை குறைவு. மார்புக்கு இடம் உண்டு என்று அவர் வேடிக்கையாகச் சொன்ன வார்த்தையைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டு, கருவி முழுவதையும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடக்கிவிட்டன. நம் மதிப்பீட்டில் இக்கருவியின் சிறப்பு வேறு. அது தன்னைப் பெண்பாற் பொருளாக அலங்கரித்துக் கொள்ளவில்லை. தந்தியின் நீளத்தையும் குறைக்கவில்லை. 648ஐ அப்படியே வைத்துக்கொண்டது. உடல் தொடும் இடங்களை மட்டுமே திருத்தியது. அதனால் ஆண்களும் அதைத் தயக்கமின்றி வாசிக்கின்றனர். ஒருவருடைய நோவிலிருந்து தொடங்கிய வடிவம் பலருக்கு இதமாவதை 1954இலேயே கண்டோமல்லவா? குறையும் சொல்ல வேண்டும். இரண்டாயிரம் டொலரை அண்மித்த விலையோடு அது வந்தது. மலிவான பதிப்பொன்று பின்னர் வெளிவந்ததெனினும், சம்பளத்திற் சேமிக்கும் நம் மாணவிக்கு அதுவும் எட்டாக் கனியே. உடலுக்கேற்ற பொருள் வசதியுள்ளோருக்கு மட்டுமே கிட்டுமாயின், பாதி அநீதிதான் நீங்கியது.

ஆகவே விலையுயர்ந்த பெயர்களை விட்டு, கையிலுள்ளதைக் கொண்டு செய்யக்கூடியவற்றையும் சொல்வோம். கடையிலே கிற்றாரை நாற்காலியில் அமர்ந்து மடியில் வைத்துப் பார்ப்பது போதாது. தோற்பட்டியை மாட்டி, கால்மணி நேரமாவது நின்று பார்க்க வேண்டும். எடை தோளில் இறங்குவதும், கழுத்து நிலத்தை நோக்கிச் சாய்ந்து இடக்கையை அதைத் தாங்கும் கூலியாளாக்குவதும் அப்போதே தெரியும். மேல்விளிம்பு மார்பிலே எங்கு படுகின்றது, பட்டியைக் கொஞ்சம் ஏற்றினால் அல்லது இறக்கினால் மாறுகின்றதா என்று பார்க்க வேண்டும். முதல் மெட்டிலே ஆறு தந்திகளையும் ஒரு விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்த முடியாவிட்டால் கையைக் குறைகூறுமுன், தந்திகள் மெட்டுகளுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று நோக்குக. திருத்துபவர் ஒருவர் அதைப் பதித்துத் தரலாம். முதல் தந்தி ஓரங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு தடிப்பாயின், ஒன்பது பங்கு தடிப்புள்ளதை மாட்டினால் அதன் இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். சிறு செலவில் முடியும் காரியம் கடைக்காரர் வாயில் வருவதில்லை. அவருக்கு விற்க வேண்டியது தந்தியன்று, கருவி.

இவற்றையெல்லாம் அந்த மாணவிக்கும் எழுதினோம். அவள் கட்டிலின் கீழிருந்ததை விற்றுவிட்டாள். சென்ற மாதம், அளவு நாடா ஒன்றையும் தன் பழைய தோற்பட்டியையும் பையில் வைத்துக்கொண்டு, முதலிற் சென்ற அதே கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரர் கதிரையை இழுத்துப் போட்டாராம். "நான் நிண்டே பாக்கிறன், அண்ணை" என்று சொல்லிவிட்டுப் பட்டியை மாட்டினாளாம்.