இரண்டு திரைகள்

பிரெஞ்சு அதிபர் தேர்தலன்று புதுச்சேரியில் வாக்குச்சாவடிக்குள் நுழைகிறவர் கையில் ஒரு சிறிய உறை கிடைக்கும். மேசைமேல் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிச் சீட்டுக் கட்டு. யாருக்குப் போடப்போகிறோம் என்று பக்கத்தில் நிற்பவர் ஊகிக்காதபடி இரண்டு மூன்று சீட்டுகளை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போக வேண்டும். வேண்டியதை உறையிலிட்டு, வெளியே வந்து, உள்ளிருப்பது தெரியும் பெட்டிக்குள் போட்டதும் "அ வொத்தே", வாக்களித்தாயிற்று, என்று அலுவலர் உரக்கச் சொல்வார். பாரிஸில் நடக்கும் அதே சடங்குதான்.

1913-இல் பிரான்ஸ் கொண்டுவந்த திரை வாக்காளரை மறைக்கிறது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த பெட்டி வாக்குகளை ஊரறியக் காட்டுகிறது. தேர்தல்மீது மக்கள் வைக்கும் நம்பிக்கைக்கு இந்த இரண்டும் வேண்டும். வெளிநாடுவாழ் பிரெஞ்சுக் குடிமக்கள் வாக்களிக்கும் முறையை நான் இந்த அளவுகோலால்தான் அளக்கிறேன்.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். நாட்டைவிட்டுப் போய் எத்தனை ஆண்டு ஆனாலும் பிரெஞ்சுக் குடிமகனின் வாக்குரிமை போவதில்லை. பிரிட்டன் தன் 15 ஆண்டு வரம்பை 2024-இல்தான் கைவிட்டது. இந்தியாவோ வெளிநாடுவாழ் குடிமக்களுக்கு வாக்கைக் கொடுத்துவிட்டு, ஊருக்கு நேரில் வந்து போடச் சொல்கிறது. பாரிஸில் இருக்கும் புதுச்சேரிக்காரர் இந்திய வாக்கைப் போட விமானம் ஏற வேண்டும்; புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுக் குடிமகன் தன் அதிபரைத் தேர்ந்தெடுக்கப் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் வரை நடந்தால் போதும். புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்களும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தாக்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளும் இன்றும் அந்த உரிமையோடு இருக்கிறார்கள். இங்கேயே வாழ்கிறவர்களுக்கு அங்கே எதற்கு வாக்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஓய்வூதியம், பள்ளி உதவித்தொகை, அங்கே வேலை பார்க்கும் மகள் என்று அவர்கள் வாழ்க்கையில் பாதியைப் பாரிஸ்தான் முடிவுசெய்கிறது. அந்தக் கேள்வியில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

2008 அரசியலமைப்புத் திருத்தம் இன்னொரு படி மேலே போனது. அதன்படி உலகையே 11 தொகுதிகளாகப் பிரித்து, வெளிநாடுவாழ் குடிமக்களுக்கென்றே 11 நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தந்தார்கள். 2012-இல் முதல் தேர்தல் நடந்தது. புதுச்சேரி 11-ஆம் தொகுதியில் இருக்கிறது. மாஸ்கோவும் டோக்கியோவும் சிட்னியும் அதே தொகுதிதான். அத்தனை நாடுகளுக்கும் ஒரே உறுப்பினர் என்றால், காரைக்கால் தெருவில் அவரை யாருக்குத் தெரியும்?

ஆனால் பெரிய குறை வாக்களிக்கும் வழியில் இருக்கிறது. நாடாளுமன்றத் தேர்தலுக்கு நேரில் போகலாம், பதிலி அனுப்பலாம், தபாலிலும் அனுப்பலாம், இணையத்திலும் போடலாம். அதிபர் தேர்தலுக்கு நேரில் வருவதும் பதிலியும் மட்டுமே. 2022-இல் புதுச்சேரி, காரைக்கால், சென்னை ஆகிய ஊர்களில் சாவடி இருந்தது. கோயம்புத்தூரில் இருப்பவர் ஒரு வாக்குக்காக ஒரு பகலையும் ஓர் இரவையும் பேருந்தில் கழிக்க வேண்டும். அவ்வாண்டு முதல் சுற்றில் உள்நாட்டில் நான்கில் மூன்று பேர் வாக்களித்தார்கள். வெளிநாட்டில் மூன்றில் ஒருவரை ஒட்டித்தான். எல்லாவற்றுக்கும் தூரமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பேருந்துப் பயணத்தைக் கணக்கில் எடுக்காமல் அவர்களை அக்கறையில்லாதவர்கள் என்பது அநியாயம்.

அப்படியானால் அதிபர் தேர்தலையும் இணையத்துக்குக் கொண்டுபோய்விடலாமா? இங்கேதான் நான் தயங்குகிறேன். இணைய வாக்குக்கு மின்னஞ்சலில் ஓர் அடையாளக் குறியீடு வரும், கைப்பேசியில் கடவுச்சொல் வரும். இரண்டும் வந்து சேர்ந்தால்தான் வாக்கு. இணையத் தாக்குதலுக்கு அஞ்சி 2017 மார்ச்சில் அரசே இந்த முறையை நிறுத்தியது. பிறகு திரும்பக் கொண்டுவந்தது. 2022 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்காளர் பலருக்குக் குறியீடுகள் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. லத்தீன் அமெரிக்கத் தொகுதி உட்பட இரண்டு தொகுதிகளின் முடிவை 2023 ஜனவரியில் அரசியலமைப்பு மன்றம் ரத்து செய்து, மறுதேர்தல் நடத்த வைத்தது. பிழையை ஒப்புக்கொண்டு திருத்திய அந்தத் தீர்ப்பை மதிக்கிறேன். ஆனாலும் 2024-இல் நாடாளுமன்றக் கீழவை திடீரெனக் கலைக்கப்பட்டு மூன்றே வாரத்தில் தேர்தல் வந்தபோது முதல் சுற்றில் சுமார் 4.1 லட்சம் பேர் இணையத்தில்தான் வாக்களித்தார்கள். இந்த வழி இல்லாவிட்டால் அவர்களில் பலர் வாக்களித்திருக்கவே முடியாது.

உறுப்பினருக்குப் போதுமான பாதுகாப்பு அதிபருக்குப் போதாது என்கிறது அரசின் நடைமுறை. 11 இடங்களைவிட அதிபர் பதவியின் பணயம் பெரிது என்பது உண்மையே. ஆனால் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத 2024 அவையில் 11 இடம் சின்ன எண்ணிக்கை இல்லை. பழுதுள்ள பூட்டென்றால் எந்தக் கதவிலும் மாட்டக்கூடாது. நல்ல பூட்டென்றால் கோயம்புத்தூர்க்காரருக்கும் கொடுக்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. கைப்பேசியைப் பேரனிடம் கொடுத்து வைத்திருக்கும் ஒரு சொல்தாவின் மனைவியை எண்ணிப் பார்க்கிறேன். "ஆயா, கோடு வந்துடுச்சு. யாருக்குப் போடணும், சொல்லு" என்பான் பேரன். அவன் நல்லவன்தான், உதவத்தான் வருகிறான். ஆனால் சாவடியில் அவளைப் போன்றவர்களைக் காக்கும் துணித்திரை அந்த வீட்டுக் கூடத்தில் இல்லை. இருப்பது கைப்பேசித் திரை. அதை அவன்தான் பார்க்கிறான். ஆகவே அதிபர் தேர்தலுக்கு இணையத்தைத் திறக்கும் முன் தபால் வாக்கைத் திறந்துவிடுங்கள், திருச்சியிலும் மதுரையிலும் ஒரு நாளுக்காவது சாவடி போடுங்கள் என்று கேட்பேன். பேரன் அவளைப் பைக்கில் கூட்டிவந்து வாசலில் இறக்கிவிட்டால் போதும், உள்ளே அவள் தனியாகப் போய்க்கொள்வாள்.