மின்முனையும் நோயாளியின் சொல்லும்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு மூளை ஆராய்ச்சியில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். அங்கேயும் கடைசியில் நடப்பது வாசிப்புதான். யார் வாசிக்கிறார்கள், யார் வாசிக்கப்படுகிறார்கள், எந்த வாசிப்பு செல்லுபடியாகிறது என்ற கேள்விகள் நம்முடையவையும்தான். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபர்க்கின் ஆராய்ச்சியை முன்வைத்து இதைப் பேசலாம்.

தீவிர மனச்சோர்வு என்றால் மூளையில் ஏதோ ஒரு ரசாயனம் குறைந்துவிட்டது என்று சொல்லிவந்தார்கள். மேபர்க் அதை, மூளையின் வெவ்வேறு பகுதிகளுக்கிடையிலான தொடர்புகளின் கோளாறாகப் பார்த்தார். அந்தப் பின்னலில் அவர் பிடித்துக்கொண்ட முடிச்சு, ப்ராட்மன் 1909இல் 25 என்று எண்ணிட்ட பகுதி. சோகத்தில் அதன் இயக்கம் கூடுகிறது. சோர்வு தெளிகையில் குறைகிறது. டொரான்டோவில் அறுவை மருத்துவர் ஆண்ட்ரெஸ் லொஸானோவுடன் சேர்ந்து, எந்தச் சிகிச்சைக்கும் மசியாத ஆறு பேருக்கு அந்த இடத்தையொட்டி மின்முனைகளைப் பதித்தார். ஆறு மாதத்தில் நான்கு பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஆய்வு 2005இல் வெளியானது.

எனக்கு முக்கியமாகப் படுவது அறுவை அரங்கில் நடந்த விஷயம். நோயாளிகள் விழித்திருந்தார்கள். மின்சாரம் பாய்ந்ததும் திடீரென ஓர் அமைதி வந்ததாகவும், உள்ளே இருந்த வெறுமை விலகியதாகவும் தாமாகவே சொன்னார்கள். மனநோய் என்றதும் நம்ம ஆட்கள் ஃபூக்கோவை இழுத்துவந்துவிடுவார்கள். பகுத்தறிவு பைத்தியத்தை வாய்மூட வைத்த வரலாற்றை அவர் 1961இல் எழுதினார். சரிதான். ஆனால் இந்த அரங்கில் நோயாளி பேசினார். மின்முனை உரிய இடத்தைத் தொட்டது என்பதற்கு அவர் சொல்லே சாட்சியாயிற்று.

அடுத்து வந்தது சறுக்கல். ஒரு கருவி நிறுவனம் 90 பேரிடம் நடத்திய பெரிய சோதனை 2013இல் நிறுத்தப்பட்டது. 2017இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் உண்மையான மின்தூண்டல் பெற்றவர்களில் 20 சதவீதம் பேர் தேறினார்கள். கருவி பதித்தும் மின்சாரம் பாய்ச்சப்படாதவர்களில் 17 சதவீதம் பேர். வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் எல்லோருக்கும் மின்தூண்டல் கொடுத்துத் தொடர்ந்து கவனித்தபோது இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் தேறியிருந்தார்கள். ஆறு மாதம் என்பது சோதனையின் நாட்காட்டி. மனம் தெளிவதற்கு வேறு நாட்காட்டி இருக்கிறது போலும்.

மேபர்க் குழு இலக்கையே திருத்தி வாசித்தது. 25 என்ற ஒற்றை மையத்தைக் காட்டிலும், நான்கு நரம்பிழைக் கற்றைகள் கூடும் சந்திதான் முக்கியம் என்றார்கள். அந்தச் சந்தி ஒவ்வொருவர் மூளையிலும் கொஞ்சம் இடம் மாறியிருக்கும். ஆகவே ஆளுக்கு ஆள் தனி வரைபடம். மையம் என்ற ஒன்றைச் சந்தேகிக்கக் கற்ற நமக்கு இது அந்நியமான விஷயமில்லை.

2023இல் இன்னொரு கட்டம். பத்துப் பேரின் மூளையிலிருந்து கருவியே மின்குறிகளைப் பதிவுசெய்தது. மீண்டவருடைய குறி இது என்று கணினி பிரித்துக் காட்டியது. முகபாவ மாற்றங்களும் அதோடு ஒத்துப்போயின. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பாடம் படித்தவன் நான். தொல்காப்பியர் அங்கே அழுகையை வைத்திருக்கிறார். கணினி வைத்திருப்பது அலைவரிசையை. ஒருவர் மறுபடி நோயில் விழுவதற்குச் சில வாரங்கள் முன்பே குறி மாறியிருந்தது, பின்னால் பார்க்கையில் தெரிந்தது.

இதன் பயனை மறுக்கமாட்டேன். மீண்டு வந்தவருக்கும் சாவு, சண்டை, கடன் எல்லாம் உண்டு. அன்றைய துக்கத்தைக் கேள்வித்தாளில் எழுதினால் மதிப்பெண் ஏறிவிடும். நோய் திரும்பிவிட்டது என்று மின்சாரத்தைக் கூட்டுவார்கள். சாதாரண துக்கத்தை நோயிலிருந்து பிரித்துக்காட்ட ஒரு குறி உதவும் என்றால் அது துக்கப்படுகிற உரிமையைக் காப்பாற்றித் தருகிறது.

பிரச்சினை அதன் மறுபக்கம். நோயாளி ‘எனக்கு முடியவில்லை’ என்கிறார், குறி ‘நலம்’ என்கிறது. அப்போது யார் சொல் நிற்கும்? கருவி அவர் நெஞ்சுத் தோலுக்கடியில் இருக்கிறது. அதன் அளவைத் திருத்தும் அதிகாரம் மருத்துவர் கையில் இருக்கிறது. 2005இல் சாட்சியாக இருந்தவர் இனி வெறும் பிரதியாகிவிடக்கூடும். இணைப்புகளைப் படமாக்கும் இந்த விஞ்ஞானம் தன் முதல் சான்றை ஒரு நோயாளியின் வாயிலிருந்துதான் வாங்கியது. அந்தக் கடனைக் கணக்கில் வைத்துக்கொண்டு, குறியும் சொல்லும் முரண்படும் இடத்தில் நோயாளியை மறுபடி கேட்பது என்ற நியதியைச் சிகிச்சைக்குள்ளேயே எழுதிவைக்க வேண்டும்.